திருமலைத் துறைமுகக் கதை – 17: கிளார்க் வைத்த பெயர்கள்

1964 ஆகஸ்டில் அமெரிக்காவின் 'பிளேபோய்' சஞ்சிகையில் ஒரு விஞ்ஞானச் சிறுகதை வெளிவந்தது. 'த ஷைனிங் வன்ஸ்' என்பது அதன் தலைப்பு. எழுதியவர் ஆதர் சி. கிளார்க். கதையில் கிளவுஸ் முல்லர் என்ற சுவிற்சர்லாந்துப் பொறியியலாளரை அவசரமாக இலங்கைக்கு அழைக்கிறார்கள். அவருக்கு வேலை காத்திருந்த இடம் நம்முடைய திருகோணமலை. கடலிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்றை ரஷ்யர்கள் இங்கே கட்டியிருக்கிறார்கள். ஆழத்தில் இறக்கிய பகுதி திடீரென்று சேதமாகிவிட்டது. யாரோ செய்த நாசவேலையோ என்று ஆளாளுக்குச் சந்தேகம். முல்லர் கீழே இறங்கிப் பார்க்கிறார். அங்கே இராட்சதக் கணவாய்கள். தங்கள் உடம்பிலேயே ஒளிக்கோலம் போட்டு ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கணவாய்கள்.

இரவில் விளக்குக் கட்டிக்கொண்டு கணவாய்க்குப் போகும் நம்மூர்த் தொழிலாளி எவருக்கும் இந்தக் கற்பனை முழுப் பொய்யாகத் தோன்றாது. தூண்டிலில் ஏறிய கணவாயை வள்ளத்துக்குள் போட்டவுடன் அதன் தோலைப் பார்க்க வேண்டும். கடுகளவு செம்பழுப்புப் புள்ளிகள் ஆயிரக்கணக்கில் விரிந்து சுருங்கும். ஒரு கணம் உடம்பெல்லாம் சிவக்கும். மறுகணம் கண்ணாடிபோல வெளிறும். மை கக்கி ஓய்ந்த பின்பும் சற்று நேரம் அந்த ஓட்டம் நிற்காது. கிளார்க் இதைக் கண்ணால் கண்டு, இன்னும் பெரிய உடம்பில், இன்னும் ஆழத்தில் நடந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்த மனிதர் என்றே இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

மின்நிலையத்தின் விஞ்ஞானமும் மெய்யானதே. இங்கே கடலின் மேல்நீர் ஏறத்தாழ 28 பாகை செல்சியஸ். ஆயிரம் மீற்றர் கீழே போனால் 10 பாகைக்கும் குறைவு. இந்த வித்தியாசத்திலிருந்து சக்தி எடுக்கலாம் என்று தார்சொன்வால் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1881 இல் சொன்னார். அவருடைய மாணவர் ஜோர்ஜ் குளோட் 1930 இல் கியூபாக் கரையில் சிறிய நிலையம் ஒன்றை இயக்கிக் காட்டினார். இதற்கு முதற்தேவை, கரையை ஒட்டியே ஆழம் இருப்பது. பல துறைமுகங்களில் வெகுதூரம் ஓடினாலும் அந்த ஆழம் கிடைக்காது. திருமலையில் கொட்டியாரக் குடாவின் வாசலிலேயே கடலடி பிளந்து பெரும் பள்ளத்தாக்காக இறங்குகிறது. மூவாயிரம் மீற்றரையும் தாண்டி இறங்கும் பள்ளத்தாக்கு அது. நீலத்திமிங்கிலம் கோணேசர் மலையில் நின்றாலே கண்ணில் படும் அளவுக்குக் கரையோரம் வருவதற்கும் இந்த ஆழமே காரணம். கிளார்க் கதைக்கு இடம் தேடித் திருமலையைத் தெரிவு செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. இந்த இடத்தின் ஆழமே அவருக்குக் கதையைக் கொடுத்திருக்க வேண்டும்.

இந்தத் தொடரில் இதுவரை கோயில், கோட்டை, சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் என்று எழுதிவந்தேன். இந்த இதழில் சினிமாப் பக்கம் திரும்பக் காரணம் உண்டு. உலக விஞ்ஞானப் படங்களில் இல்லாத பொருள்களுக்கும் கருவிகளுக்கும் வைத்த பெயர்களில் மிகவும் நிலைத்து நின்ற சில, திருமலைக் கடலில் முக்குளித்த ஒருவரின் பேனாவோடு தொடர்புள்ளவை. அந்தப் பெயர்களின் வரலாற்றில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. அதைப் பதிந்து வைக்க வேண்டியது நம் கடமை.

இல்லாத பொருளுக்குப் பெயர் வைப்பது விஞ்ஞானப் புனைவின் பழைய தலைவலி. 1901 இல் எச். ஜி. வெல்ஸ் சந்திரனுக்கு ஆள் அனுப்ப ஒரு பொருளைப் படைத்தார். ஈர்ப்பு விசையை மறைத்துவிடும் அந்தப் பொருளுக்கு, அதைக் கண்டுபிடித்த பாத்திரமான கேவரின் பெயரால் 'கேவரைட்' என்று பெயர். ஜூல் வேர்னுக்கு இது பிடிக்கவில்லை. தான் ஆட்களைப் பீரங்கியால் சுட்டு அனுப்பியதாகவும், வெல்ஸ் தன்னுடைய உலோகத்தைக் கொண்டுவந்து காட்டட்டும் என்றும் அவர் பேட்டியில் சொன்னது பிரசித்தம். பீரங்கியில் போனவர் எவரும் உயிரோடு சந்திரனைப் பார்த்திருக்க மாட்டார் என்பது வேறு கதை. ஆனாலும் வேர்ன் கேட்ட கேள்வி நியாயமானது. பெயர் மட்டும் போதுமா, அந்தப் பெயருக்குப் பின்னால் ஏதாவது இருக்க வேண்டுமா?

திரைப்படக்காரர்களில் பலர் பெயர் மட்டும் போதும் என்றார்கள். அவர்களுக்குத் தலைவர் அல்பிரட் ஹிட்ச்கொக். கதைமாந்தர் எல்லாரும் உயிரைக் கொடுத்துத் தேடும் பொருளை அவர் 'மக்கஃபின்' என்று அழைத்தார். அது ஒற்றர் கடதாசியாக இருக்கலாம், வைன் போத்தலில் அடைத்த யுரேனியமாக இருக்கலாம். 1946 இல் வந்த அவருடைய 'நொட்டோரியஸ்' படத்தில் அதுதான் இருந்தது. பார்ப்பவருக்கு அந்தப் பொருள் என்ன என்பது பெரிய விஷயமில்லை, அதற்காக மனிதர்கள் படும் பாடே விஷயம் என்பது ஹிட்ச்கொக்கின் கட்சி.

விமானப் பொறியியலாளர்கள் 1950களிலேயே தங்களுக்குள் 'அன்ஒப்டேனியம்' என்றொரு சொல்லைப் புழங்கினார்கள். வெப்பத்தையும் பாரத்தையும் தாங்கக்கூடிய, ஆனால் எங்கும் வாங்க முடியாத உலோகம். 2003 இல் 'த கோர்' படத்திலும் 2009 இல் ஜேம்ஸ் கமரூனின் 'அவதார்' படத்திலும் அந்தச் சொல் அப்படியே ஒரு பொருளின் பெயராகிவிட்டது. 'அவதார்' கதை நடக்கும் பண்டோரா என்ற உலகின் மக்களை வேரோடு பெயர்க்கக் காரணமான தாதுவுக்கு அதுதான் பெயர். மார்வெல் சித்திரக்கதைகளில் 1966 இல் 'வைபிரேனியம்' வந்தது. 1985 இல் 'பேக் டு த ஃபியூச்சர்' காருக்குள் 'ஃபிளக்ஸ் கப்பாசிட்டர்' வந்தது. நம் மொழியில் 2010 இல் 'எந்திரன்' வந்தபோது நல்ல ரோபோவைக் கெட்ட ரோபோவாக்கியது ஒரு சிவப்புச் சில்லு. அதற்கு லத்தீனிலோ கிரேக்கத்திலோ பெயர் தேடாமல் நிறத்தை மட்டும் வைத்துச் சொன்னார்கள். ஊர்ச் சிறுவர் எல்லாருக்கும் அது மனதில் நின்றது. எனக்கு மிகவும் பிடித்த பெயர்களில் அதுவும் ஒன்று.

கிளார்க்கின் வழி இந்த இரண்டு கட்சிகளுக்கும் வெளியே நின்றது. அதற்கு அவர் வந்த பாதையைப் பார்க்க வேண்டும்.

1917 இல் இங்கிலாந்தின் சமர்செற்றில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படையில் ராடார் பிரிவில் வேலை. பனிமூட்டத்தில் கண் தெரியாமல் தவிக்கும் விமானியைத் தரையிலிருந்து வழிகாட்டி இறக்கும் கருவி அவர் பொறுப்பில் இருந்தது. 1945 ஒக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் எழுதிய கட்டுரையில், பூமிக்கு ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் மேலே நிலையாக நிற்பதுபோல் சுற்றும் தொடர்புச் செய்மதிகளை விளக்கினார். அந்தச் சுற்றுப்பாதையை இன்று அவர் பெயராலும் அழைக்கிறார்கள். 1954 இறுதியில் அவுஸ்திரேலியாவின் பவளப்பாருக்குப் போகிற வழியில் கொழும்பில் கப்பல் நின்றபோது ரொட்னி ஜொங்க்லாஸ் என்ற இலங்கைச் சுழியோடியைச் சந்தித்தார். 1956 இல் கூட்டாளி மைக் வில்சனோடு திரும்பி வந்து இங்கேயே தங்கிவிட்டார். 2008 மார்ச் 19 அன்று கொழும்பில் இறக்கும்வரை இலங்கைதான் அவருக்கு வீடு.

வந்த ஆண்டிலேயே இருவரும் திருமலைக்கு வந்து கோணேசர் மலையின் அடியில் கடலுக்குள் இறங்கினார்கள். 1622 இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தன்தீனு டி சா கோணேசர் கோயிலை இடித்ததையும், கற்களைக் கோட்டைக்கு எடுத்ததையும், மீதி கடலில் போனதையும் இந்தத் தொடரின் தொடக்க அத்தியாயங்களில் எழுதியிருந்தேன். அந்தக் கடலில் போன மீதியைத்தான் அவர்கள் பார்த்தார்கள். பூ வேலைப்பாடு செய்த தூண்கள், யானைத்தலை வடிவக் கற்கள், செதுக்கிய பாளங்கள். 1957 இல் கிளார்க் வெளியிட்ட 'த ரீஃப்ஸ் ஒவ் தப்ரோபேன்' நூலில் இந்தச் சுழியோட்டம் இடம்பெறுகிறது.

கோணேசர் மலையின் இராவணன் வெட்டுக்குக் கீழே நீர் தெளிந்திருக்கும் மாதங்களில் இறங்கியவர்கள் ஒரு விஷயத்தைச் சொல்வார்கள். முதல் பார்வைக்கு எல்லாம் பாறைதான். பாசி மூடி, முருகைக்கல் ஒட்டி, மீன் குடியிருக்கும் பாறை. சற்றுக் கிட்டப் போனால் ஒரு விளிம்பு நேராக ஓடும். நேர்கோடு வந்து இன்னொரு நேர்கோட்டைச் சந்திக்கும். முருகைக்கல் ஒருநாளும் நேர்கோட்டில் வளராது. அந்த மூலையைப் பார்த்ததும் இது மனிதன் கை வைத்த கல் என்று உடம்பு சிலிர்க்கும். கிளார்க் பின்னர் சேர்ந்து எழுதிய '2001: ஏ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தில் இயற்கையில் எங்கும் இல்லாத நேர்விளிம்போடு கறுப்புக் கற்பாளம் ஒன்று நிற்கிறது. குரங்கு மனிதன் அதன் விளிம்பைக் கையால் தடவிப் பார்க்கிறான். அந்தக் காட்சி வரும்போது எந்தத் திருமலைக்காரருக்கும் கடலடிக் கற்கள் நினைவுக்கு வராமல் போகாது. இயற்கைக்குள் ஒரு நேர்கோடு நின்றால் அதை யாரோ வைத்திருக்க வேண்டும். அந்தப் படத்தின் முழு மர்மமும் அந்த ஒரு உணர்விலேதான் நிற்கிறது.

அந்தப் படம் உருவான கதைக்கு வருமுன் இன்னொரு படத்தைச் சொல்லிவிட வேண்டும். 1962 இல் மைக் வில்சன் இயக்கிய 'ரன்முத்து தூவ' வெளிவந்தது. முதல் முழுநீளச் சிங்கள வண்ணப்படம். பணம் போட்டவர்களில் கிளார்க் முக்கியமானவர். காமினி பொன்சேகா, ஜோ அபேவிக்கிரம, ஜீவராணி குருகுலசூரிய நடித்தார்கள். அமரதேவ இசையமைத்தார். புதையல் கதை. அதன் கடலடிக் காட்சிகள் திருமலைக் கடலில் பிடிக்கப்பட்டவை. படம் நாடெங்கும் ஓடி வெற்றி பெற்றது. வில்சன் கடலடியிலிருந்து எடுத்துக் கொடுத்த லிங்கம் கோணேசர் கோயிலில் இருப்பதாக ஊரில் சொல்வார்கள். அதே வில்சன் பிற்காலத்தில் துறவு பூண்டு சுவாமி சிவ கல்கி என்ற பெயரில் முருகனடியாராக வாழ்ந்தார். அந்த மனிதரின் வாழ்க்கை தனியாக ஓர் அத்தியாயம் எழுதத் தகும்.

இனி '2001'. 1964 மார்ச் இறுதியில் திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் கிளார்க்குக்குக் கடிதம் எழுதினார். பூமிக்கு அப்பால் உயிர் உண்டா என்பதைப் பற்றி உருப்படியான ஒரு விஞ்ஞானப் படம் எடுக்க வேண்டும் என்றார். ஏப்ரல் 22 அன்று இருவரும் நியூயோர்க்கில் சந்தித்தார்கள். கிளார்க் 1948 இல் எழுதிய 'த சென்டினல்' என்ற சிறுகதை கருவானது. அதில் சந்திரனில் கண்டெடுக்கும் வேற்றுலகப் பொருள் கூம்பக வடிவம். படத்தில் அது பாளமானது. முதலில் ஒளி ஊடுருவும் பெர்ஸ்பெக்ஸில் பெரிய பாளம் வார்த்துப் பார்த்தார்கள். கமராவில் அது வெறும் கண்ணாடித் துண்டாகத் தெரிந்ததால் குப்ரிக் தள்ளிவிட்டார். கடைசியில் கறுப்பு.

அந்தப் பாளத்துக்குக் கிளார்க், படத்தோடு கூடவே எழுதிய நாவலில் வைத்த பெயரைப் பாருங்கள்: டிஎம்ஏ-1. டைக்கோ காந்த முரண்பாடு, இலக்கம் ஒன்று. சந்திரனில் டைக்கோ பள்ளத்துக்குப் பக்கத்தில் காந்த அளவீட்டில் ஏதோ முரணாகத் தெரிந்தது, தோண்டினார்கள், கிடைத்தது. எங்கே கண்டோம், எதை வைத்துக் கண்டோம், எத்தனையாவது. அவ்வளவுதான் பெயர். நம் மீனவர் கடலடிப் பாருக்குப் பெயர் வைக்கும் விதமும் இதுவே. அங்கே படும் மீன், அதன் உருவம், அதில் தட்டிய தோணி, கரையில் தெரியும் குறி, இவற்றில் ஏதாவது ஒன்று பெயராகிவிடும். எவரும் பாருக்குக் காவியப் பெயர் தேடுவதில்லை. வேலை செய்கிறவன் வைக்கும் பெயரில் அந்தப் பொருளோடு அவன் கொண்ட பழக்கம் இருக்கும். கேட்பவருக்கு நம்பிக்கை வருவது அதனால்தான்.

இன்னும் துல்லியமான உதாரணம் ஏஈ-35. வியாழனுக்குப் போகும் டிஸ்கவரி கப்பலில் பூமியை நோக்கி அன்டெனாவைத் திருப்பிப் பிடிக்கும் பாகம் அது. 72 மணிநேரத்தில் பழுதாகும் என்று கப்பலின் கணினி ஹால் சொல்கிறது. கழற்றிச் சோதித்தால் ஒரு குறையும் இல்லை. கணினி பிழை விட்டதா, பொய் சொல்கிறதா? படத்தின் இரண்டாம் பாதி முழுவதும் இந்தச் சிறு பாகத்திலிருந்துதான் புறப்படுகிறது. நான்கு மனிதரின் சாவும் கணினியின் முடிவும் அதன் பின்னால் வருகின்றன. ஹிட்ச்கொக்கின் கணக்கில் இது சுத்தமான மக்கஃபின். ஆனால் அதன் பெயரில் கிளார்க்கின் ராடார் காலம் மணக்கிறது. விமானப்படைக் களஞ்சியப் பேரேட்டில் இருக்கக்கூடிய பெயர் அது. 'ஒளிச்சிறகு' என்றோ 'தேவதூதன்' என்றோ வைத்திருந்தால் அந்தப் பாகம் பழுதாகும் என்று எவரும் பயந்திருக்க மாட்டார்கள். இலக்கம் போட்ட சாமான்தான் பழுதாகும்; அதை வாழ்க்கையில் எல்லாரும் அறிவோம்.

படம் 1968 ஏப்ரல் 2 அன்று வாஷிங்டனில் முதற்காட்சி கண்டது. மனிதன் சந்திரனில் கால் வைக்க இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது.

ஹால் என்ற பெயருக்கு வருவோம். எழுதும் காலத்தில் அந்தக் கணினிக்கு முதலில் ஏதீனா என்று பெண்பெயர் வைத்திருந்தார்கள். பிறகு ஹால் 9000. ஆங்கில எழுத்துகளில் எச், ஏ, எல் மூன்றையும் ஒவ்வோர் எழுத்தாக முன்னே தள்ளினால் ஐபிஎம் வரும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். படத்துக்கு உதவிய கம்பனியை வேண்டுமென்றே குத்திக்காட்டியதாகக் கதை பரவியது. கிளார்க் இதைப் பலமுறை மறுத்தார். 'ஹியூரிஸ்டிக்', 'அல்கோரிதமிக்' என்ற இரண்டு கணினிச் சொற்களிலிருந்து வந்த சுருக்கம்தான் அது என்றார்.

அந்த மறுப்பை அவர் எங்கே, யார் வாயில் வைத்தார் என்பதுதான் எனக்கு இந்த அத்தியாயத்தில் மிக முக்கியமான செய்தி. 1982 இல் வந்த '2010: ஒடிஸி டூ' நாவலில் ஹாலைப் படைத்த விஞ்ஞானி பாத்திரமாக வருகிறார். எல்லாரும் அவரை டொக்டர் சந்திரா என்று அழைக்கிறார்கள். முழுப்பெயர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. ஐபிஎம் கதையைக் கேட்டு, முழு முட்டாள்தனம் என்று சீறிப் பெயரின் உண்மையான பொருளைச் சொல்பவர் அவரே.

சந்திரசேகரம்பிள்ளை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் திருமலையிலும் எந்த வாக்காளர் இடாப்பைத் திறந்தாலும் பார்க்கக்கூடிய பெயர். 1950 இல் கிணறு வெட்டியபோது கோணேசர் கோயில் வெண்கலச் சிலைகள் வெளிவந்ததைச் சென்ற இதழில் படித்திருப்பீர்கள். அவற்றில் சந்திரசேகரரும் ஒருவர். உலகின் மிகப் புகழ்பெற்ற கற்பனைக் கணினியைச் செய்தவருக்குக் கிளார்க் அமெரிக்கப் பெயர் வைத்திருக்கலாம், ரஷ்யப் பெயர் வைத்திருக்கலாம். கால் நூற்றாண்டு இலங்கையில் வாழ்ந்தவர் இப்படியொரு முழுநீளத் தமிழ்ப் பெயரை வைத்தார்; அழைப்பில் சுருங்கினாலும் முழுப்பெயர் நாவலில் நிற்கிறது.

முழுப்பெயரையே வெட்டியது சினிமா. 1984 இல் பீட்டர் ஹையம்ஸ் '2010' படத்தை எடுத்தார். கிளார்க் கொழும்பில், ஹையம்ஸ் லொஸ் ஏஞ்சலிஸில். கேப்ரோ கணினிகளைத் தொலைபேசிக் கம்பியில் மொடெம் வழியாக இணைத்து இருவரும் கடிதம் பரிமாறினார்கள். அந்தக் கடிதங்கள் பிறகு புத்தகமாகவே வந்தன. அவ்வளவு நெருக்கமாகக் கலந்து பேசியும் படத்தில் அந்தப் பாத்திரம் டொக்டர் ஆர். சந்திரா ஆகிவிட்டது. நடித்தவர் பொப் பாலபான் என்ற அமெரிக்கர். நல்ல நடிகர்தான், ஹாலிடம் உண்மையைச் சொல்லும் காட்சியில் கண் கலங்க வைக்கிறார். ஆனால் சிவசுப்பிரமணியனும் சேகரம்பிள்ளையும் போய்விட்டார்கள். இல்லாத உலோகத்துக்கு எத்தனை நீளமான பெயரையும் வாயில் நுழைத்துக்கொள்ளும் ஹொலிவுட், இருக்கிற ஒரு மக்களின் பெயரை நான்கு எழுத்தாக வெட்டியது. அது சரியல்ல என்பதை இங்கே எழுத்தில் வைக்கிறேன்.

கிளார்க்கின் மற்றப் பெயர்களையும் விரைவாகப் பார்த்துவிடுவோம். 1973 இல் வந்த 'ரொந்தேவூ வித் ராமா' நாவலில் சூரிய குடும்பத்துக்குள் நுழையும் மாபெரும் உருளைக்கு ராமா என்று பெயர். கிரேக்க, ரோமப் பெயர்களை எல்லாம் வானியலாளர் பயன்படுத்தித் தீர்த்துவிட்டதால் இந்து சமயத் தெய்வங்களுக்கு வந்துவிட்டார்கள் என்று கதையிலேயே காரணம் சொல்கிறார். அதே நாவலில் பூமியை மோதவரும் விண்பாறைகளைக் கண்காணிக்கும் திட்டத்துக்கு 'ஸ்பேஸ்கார்ட்' என்று பெயர் வைத்தார். 1992 இல் நாசாவுக்காகத் தயாரித்த உண்மையான அறிக்கை அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. கற்பனைக் கருவிக்கு வைத்த பெயர் அலுவலகக் கோப்பில் ஏறியது. பெயர் வைத்தவரின் கைத்திறனுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1979 இல் 'த ஃபவுண்டன்ஸ் ஒவ் பரடைஸ்'. பூமியிலிருந்து விண்ணுக்கு மின்தூக்கி கட்டும் கதை. சிவனொளிபாதமலையை ஸ்ரீகந்த என்றும் சிகிரியாவை யக்ககல என்றும் பெயர் மாற்றி, தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே தள்ளி நடுக்கோட்டில் வைத்தார். மின்தூக்கியைத் தாங்கும் பொருளுக்கு அவர் வைத்த பெயர் 'ஹைப்பர்ஃபிலமென்ட்'. வைரப் படிகத்தாலான, கண்ணுக்குத் தெரியாத, கைபட்டால் விரலை அறுத்துவிடும் இழை. யோசனையின் மூலவர் 1960 இல் எழுதிய ரஷ்யர் யூரி ஆர்த்சுத்தானோவ் என்பதைக் கிளார்க் மறைக்கவில்லை. நாவல் வந்த ஆண்டே கிளார்க் தாமே வாசித்து அது இசைத்தட்டாக வந்தபோது அதன் உறைக்குப் படம் வரைந்து கொடுத்தவர் கட்டடக் கலைஞர் பக்மின்ஸ்டர் புல்லர். 1985 இல் அறுபது கரியணுக்களால் ஆன புதிய மூலக்கூற்றைக் கண்டுபிடித்தவர்கள் அதற்குப் புல்லரின் பெயரையே சூட்டினார்கள். 1991 இல் ஜப்பானியர் ஐஜிமா கரிநுண்குழாய்களை விவரித்த பிறகு, விண்மின்தூக்கி பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் அந்தப் பொருளைத்தான் காட்டுகிறார்கள். ஜூல் வேர்ன் உலோகத்தைக் காட்டு என்று கேட்டாரல்லவா? இந்த ஒரு பொருளில் விஞ்ஞானம் பாதி வழி வந்துவிட்டது.

திருமலைக் கதைக்கே திரும்புகிறேன். 'த ஷைனிங் வன்ஸ்' கதையில் ரஷ்யர் கடலில் இறக்கிய இயந்திரத்துக்கும் கிளார்க் பகட்டான பெயர் வைக்கவில்லை. வெப்ப மின்கூறுகள், வலை என்று பொறியியலாளர் வாயில் அன்றாடம் வரும் சொற்களே. ஊரையும் மறைத்து வேறு பெயர் போடவில்லை. மாலுமிகள் சொல்வதுபோல 'டிரிங்கோ' என்றே வருகிறது. சிவனொளிபாதமலைக்கும் சிகிரியாவுக்கும் மாற்றுப் பெயர் கொடுத்தவர், திருகோணமலையைத் திருகோணமலையாகவே வைத்தார். அந்த மரியாதைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

கதை வெளிவந்து பல பத்தாண்டுகளுக்குப் பின் அதே கொட்டியாரக் குடாவின் தென்கரையில் மெய்யாகவே ஒரு மின்நிலையத் திட்டம் வந்தது. சம்பூரில் 500 மெகாவாற் நிலக்கரி நிலையம். 2006 இல் போரால் ஊரைவிட்டுப் போன சம்பூர் மக்கள் மீள்வதற்குப் பல ஆண்டுகள் முகாம்களில் காத்திருந்தார்கள். நிலக்கரித் திட்டம் 2016 இல் கைவிடப்பட்டது. பின்னர் சூரியசக்தி நிலையம் என்று மாறியது. கிளார்க்கின் கதையில் நிலையத்துக்காக எவரும் வீடு இழக்கவில்லை. தங்கள் ஆழத்துக்குள் மனிதன் இயந்திரத்தை இறக்கியபோது எதிர்த்தது கணவாய்கள் மட்டுமே. 'அவதார்' படத்தில் தாதுவுக்காக ஊரைப் பெயர்த்த காட்சியைச் சம்பூரார் ஒருவரோடு அமர்ந்து பார்த்தால், அந்தத் தாதுவின் பெயர் என்ன என்பது அவர் மனதில் தங்காது. வீடு விழுந்தது தங்கும். பெயர்களைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட என்னால் முடியாது.

இனி வாசகரிடம் ஒரு வேண்டுகோள். 'ரன்முத்து தூவ' படப்பிடிப்பு நடந்த காலத்தில் தோணி ஓட்டியவர்கள், கயிறு பிடித்தவர்கள், சுழியோடிகளுக்குச் சோறு சமைத்துக் கொடுத்தவர்கள் நம் ஊர்க் குடும்பங்களில் இருந்திருப்பார்கள். அவர்களில் உயிரோடு இருப்பவர்களுக்கு இன்று எண்பது வயதை ஒட்டியிருக்கும். கோணேசர் மலையடியில் இறங்கி ஏறிய வெள்ளைக்காரர்களைப் பற்றி வீட்டில் ஒரு படமோ, ஒரு கடிதமோ, அப்பப்பா சொன்ன ஒரு கதையோ இருந்தால் தயவுசெய்து எழுதி வையுங்கள். ஒரு பிரதியைப் பொது நூலகத்தில் கொடுங்கள். கடலடிக் கற்களைப் பற்றி வெளியூரார் எழுதிய புத்தகங்கள் இருக்கின்றன. நம்மவர் சொன்னதும் அவற்றின் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அடுத்த இதழில்: 1942 ஏப்ரல் 9, ஜப்பானிய விமானங்கள் திருமலைக்கு வந்த காலை.